ரப்பர் தேன் வந்தாச்சு என்று யாருக்கெல்லாம் சொல்லலாம்?

மார்த்தாண்டத்தில் சித்தப்பாவின் தேன் கடையில், எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடக்கும். பெயர், போன் நம்பர், சிலருக்கு மெயில் ஐ.டி. ரப்பர் மரம் பழைய இலையைக் கொட்டித் தளிர் விட்டதும், இலைக்காம்பில் ஊறும் இனிப்பைத்தான் எங்கள் பக்கத்துத் தேனீக்கள் இழுக்கும். பூவுக்கு அதில் பெரிய பங்கில்லை. மாசி, பங்குனியில் பெட்டிகள் நிறையும். "புதுத் தேன் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று எழுதிக்கொடுத்துப் போனவர்கள்தான் அந்த நோட்டில் பாதிப்பேர். மீதிப்பேர் பில்லுக்காகக் கொடுத்தவர்கள்.

அதில் ஒரு நாற்பது பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். டொரண்டோவில் வேலை, ஜெர்மனியில் நர்ஸ், நியூஜெர்சியில் மகன் வீடு. அங்கிருந்து பணம் போட்டு, குழித்துறையிலோ கருங்கல்லிலோ இருக்கும் அம்மா வீட்டுக்கு இரண்டு பாட்டில் அனுப்பச் சொல்வார்கள். நோட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாருக்கும் மெயில் தட்டிவிடலாம் என்பது சித்தப்பாவின் திட்டம். "எல்லாம் நம்ம ஆளுகதானே மக்கா, ஒரு மெயில் போடுகதுக்கும் சட்டமா?"

சட்டம் உண்டு. அதுவும் ஊருக்கு ஒரு மாதிரி.

மெயிலா, வாட்ஸ்அப்பா, எஸ்.எம்.எஸ்ஸா?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடைப் பெயரில் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிமுறைப்படி, மொத்தச் செய்தி அனுப்புவோருக்கான டி.எல்.டி. என்கிற பதிவுத் தளத்தில் கடையைப் பதிய வேண்டும். அனுப்புநர் பெயருக்கும் செய்தியின் வாசகத்துக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். 1909 என்கிற போன் எண்ணில் விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவர்களை விட்டுவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு செய்தி அனுப்பும் கடைக்கு இது ஆனைக்கு அங்குசம் வாங்குகிற செலவு. நம்மிடம் இருப்பது ஆடு.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் இலவசம். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். ஒரு வருடம் சித்தப்பா இதற்குப் பதிலாகக் குரூப் ஆரம்பித்தார். ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாத ஆள் போன் செய்கிறான் என்று ஒரு டீச்சர் கடைக்கே வந்து கேட்டார். குரூப் அன்று சாயங்காலமே கலைந்தது. மிஞ்சியது மெயில்.

அமெரிக்காவா, கனடாவா?

மெயில் சட்டங்களில் இரண்டு துருவங்கள் இவை. கேன்-ஸ்பாம் என்கிற அமெரிக்கச் சட்டம் 2003-ல் வந்தது. முன்கூட்டிச் சம்மதம் வாங்கச் சொல்லவில்லை. முதல் மெயிலை நீங்களாக அனுப்பலாம். தலைப்பில் பொய் கூடாது, கடையின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகும் வழி இருக்க வேண்டும், விலகியவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். மீறினால் ஒரு மெயிலுக்கே 50,000 டாலருக்கு மேல் அபராதம் போகலாம். ஆனாலும் வியாபாரிக்கு இணக்கமான சட்டம்தான். நோட்டை அப்படியே ஏற்றினாலும் நியூஜெர்சிக்காரரிடம் பிரச்சினை இல்லை.

கனடாவில் கதை தலைகீழ். 2014 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, சம்மதம் முதலில், மெயில் பிறகு. அனுப்புகிறவர் மார்த்தாண்டத்தில் இருந்தாலும், அந்த மெயிலைக் கனடாவில் உள்ள கம்ப்யூட்டரில் திறந்தால் சட்டம் பொருந்தும். சம்மதம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் அனுப்பியவரே. நிறுவனத்துக்கு அபராத உச்சவரம்பு 1 கோடி கனடா டாலர். சித்தப்பாவின் கடையைத் தேடி யாரும் விமானம் ஏறி வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குச் சுவையாகப் பட்டது அதிலுள்ள காலக்கணக்குதான். தேன் வாங்கியவர் தெளிவாகச் சம்மதம் சொல்லாவிட்டாலும், வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குச் சம்மதம் உள்ளதாக எடுத்துக்கொள்ளலாம். மறுபடி வாங்கினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். வருடா வருடம் வாங்குகிற டொரண்டோக்காரர் ஆகவே பத்திரம். வாங்காமல் விசாரித்தவருக்கோ 6 மாதம்தான். லீவுக்கு ஜூலையில் ஊருக்கு வந்து, "ரப்பர் தேன் எப்ப வரும்?" என்று மெயில் ஐ.டி. கொடுத்துப் போகிறார் ஒருவர். அந்த 6 மாதம் ஜனவரியில் முடிந்துவிடும். தேன் மார்ச்சில் வரும். கேட்டவருக்கே பதில் சொல்ல முடியாத நிலை! "வந்ததும் எனக்கு மெயில் போடுங்க" என்று அன்றே அவர் தெளிவாகச் சொல்லி, அதைக் குறித்துவைத்திருந்தால் இந்தக் கெடு கிடையாது. அவராக வேண்டாம் என்கிற வரை செல்லும்.

இன்னொரு கண்ணி: "உங்களுக்கு மெயில் அனுப்பலாமா?" என்று கேட்டு அனுப்பும் மெயிலையே வணிக மெயிலாகத்தான் கனடா பார்க்கிறது. கெடு முடிந்தபின் மெயிலில் கேட்கவும் வழியில்லை.

ஐரோப்பா கனடாவின் பங்காளி. 2018 மே 25 முதல் அமலான தரவுப் பாதுகாப்பு விதிகளில், முன்பே டிக் அடித்துவைத்த கட்டம் சம்மதம் ஆகாது. பழைய வாடிக்கையாளருக்கு அதே வகைப் பொருளைப் பற்றி எழுத மட்டும் சிறு சலுகை, ஐ.டி. வாங்கும்போதே மறுக்கும் வாய்ப்பைத் தந்திருக்க வேண்டும்.

நம் நாடு

ஸ்பேம் மெயிலுக்கென்றே தனிச் சட்டம் இங்கே இல்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். சட்டமே ஒரு மருந்துக்கடை உதாரணம் தருகிறது: ரசீதை மெசேஜாக அனுப்பச் சொல்லி ஒருவர் நம்பர் கொடுத்தால், ரசீது அனுப்ப அதைப் பயன்படுத்தலாம். கொடுத்த காரியத்துக்கு மட்டும்தான் அந்த நம்பர் என்று நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் நோட்டில் பில்லுக்காகக் கொடுத்தவர்கள் எல்லாரும் இந்த வகை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வாடிக்கையாளருக்கு வழி தர வேண்டும் என்பது. தமிழும் அதில் உண்டு. முதல் படியாகக் கடையில் தமிழில் நாலு வரி எழுதி ஒட்டினோம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்ற விதியும் நியாயம்தான்.

ஒற்றைச் சம்மதமா, இரட்டை உறுதியா?

ஐ.டி. எழுதியதும் பட்டியலில் சேர்ப்பது ஒற்றை. ஐ.டி.க்கு ஒரு மெயில் போய், அதில் 'ஆம்' அழுத்திய பிறகே சேர்ப்பது இரட்டை. எந்தச் சட்டமும் இரட்டையைக் கட்டாயமாக்கவில்லை. சிலர் 'ஆம்' அழுத்த மறந்து நழுவிவிடுவார்கள். ஒற்றையில் அந்த இழப்பு இல்லை.

இருந்தும் நான் இரட்டை பக்கம்தான். முதல் காரணம் கையெழுத்து. நோட்டில் எழுதிய ஐ.டி.யில் இருப்பது 1-ஆ, சின்ன l-ஆ, பெரிய I-ஆ என்று தெரியாது. தப்பாகத் தட்டினால் வேறு யாருக்கோ தேன் விளம்பரம் போகும். இரண்டாவது, தேதியோடு 'ஆம்' பதிவாகிவிடுவதால் கனடா கேட்கும் நிரூபணம் தானாகக் கிடைக்கிறது. மூன்றாவது ஜிமெயில். 2024 பிப்ரவரி முதல், ஸ்பேம் என்று புகார் செய்வோர் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறார்கள். 400 பேர் பட்டியலில் இரண்டு பேர் கோபப்பட்டாலே தாண்டிவிடும். கனடா அரசைவிட எனக்கு இந்த இரண்டு பேர் மேல்தான் பயம். உறுதி கேட்கும் மெயிலில் மட்டும் விலைப்பட்டியலை ஒட்டிவிடக் கூடாது.

நாடு வாரியாக நாலு பட்டியல் வைப்பது எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது. யார் எப்போது எந்த ஊருக்கு மாறுகிறார்கள் என்று யார் பார்ப்பது? அதனால் எல்லாருக்கும் கனடா அளவுகோல் என்று முடிவு செய்தோம். நோட்டில் இரண்டு புதுப் பத்தி கோடு போட்டோம்: என்ன சொல்லிக் கொடுத்தார், என்றைக்கு. பழைய பெயர்களில் பில்லுக்கு மட்டும் கொடுத்தவர்கள் கடைக்கு வரும்போது நேரில் கேட்கிறோம். பட்டியல் பாதியாகச் சுருங்கியதில் சித்தப்பாவுக்கு வருத்தம்தான்.

போன வாரம் உண்ணாமலைக்கடையிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பாட்டாவிடம் சித்தப்பாவே கேட்டார். "மெயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பஸ்சுல போகும்போ எட்டிப் பாக்கியேன், தேன் இருந்தா கை காட்டு" என்றார் பாட்டா. சித்தப்பா நோட்டைத் திருப்பி, 'வேண்டாம்' என்று எழுதித் தேதியும் போட்டார்.