வாலில் ஒட்டும் ‘ஏ’, தலையில் நிற்கும் ‘ரைட்’

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மெடிக்கல் ஷாப் எங்கே என்று கேட்டால், “எதிர்லயேதான் இருக்கு, பாருங்கண்ணா” என்று பதில் வரும். அதே ஆள் பெங்களூரிலிருந்து வந்தவருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்லும்போது ‘ஆப்போசிட் ஒன்லி’ என்பார். தமிழில் அழுத்தம் சொல்லின் வாலில் ஒட்டும். எதிரில் என்பதோடு ஏ, தான் எல்லாம் கடைசியில்தான் வந்து சேரும். ஆங்கிலத்தில் அந்த அழுத்தம் பிரிபோசிஷனுக்கு (பெயருக்கு முன்னால் வரும் அட், இன், ஆஃப்டர், ஆப்போசிட் மாதிரிச் சொல்லுக்கு) முன்னால், தலையில் நிற்கும்: ‘ரைட் ஆப்போசிட் தி பஸ் ஸ்டாண்ட்’. நம் ஊரில் பேசப்படும் ஆங்கிலத்தில் அட்வெர்பும் (ரைட், ஜஸ்ட் மாதிரி அழுத்தமோ அளவோ சேர்க்கும் சொல்லும்) பிரிபோசிஷனும் சேரும் இடத்தில் வரும் தப்புகளில் பல இந்த வால் பழக்கத்தால் வருபவை.

எதிரிலேயே என்பதற்கு ‘ரைட் ஆப்போசிட்’, ‘ஜஸ்ட் ஆப்போசிட்’, ‘டைரக்ட்லி ஆப்போசிட்’ மூன்றுமே சரி. பேச்சுக்கு ரைட் போதும். விலாசம் எழுதும்போதும் ஆபீஸ் மெயிலிலும் டைரக்ட்லி பொருந்தும். ‘வெரி ஆப்போசிட்’ மட்டும் கிடையாது. ‘வெரி நியர்’ சரியாக இருக்கிறதே என்று கேட்கலாம். நியர் என்பதற்குள் கொஞ்சம் கிட்ட, ரொம்பக் கிட்ட என்று அளவு இருக்கிறது, அதனால் வெரி ஏறும். எதிரில் என்பதில் ரொம்ப எதிர், கொஞ்சம் எதிர் என்று உண்டா?

நேரத்துக்கு வந்தால் ரைட்டும் ஜஸ்ட்டும் பிரிந்துவிடும். ‘ரைட் ஆஃப்டர் தி ரெயின்’ என்றால் மழை விட்டதும் விடாததுமாக, இடைவெளியே இல்லாமல். ‘ஜஸ்ட் ஆஃப்டர் சிக்ஸ்’ என்றால் ஆறு மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடம், அதாவது சின்ன இடைவெளி உண்டு. மீட்டிங் முடிந்த கையோடு போன் செய்கிறேன் என்பதற்கு ரைட், ஆறு அடித்துச் சற்று நேரத்தில் பஸ் வரும் என்பதற்கு ஜஸ்ட். பிரிட்டிஷ்காரர்கள் ரைட் ஆஃப்டர் இடத்தில் ‘ஸ்ட்ரெயிட் ஆஃப்டர்’ என்றும் சொல்வார்கள். ‘சூன் ஆஃப்டர்’ கொஞ்சம் தளர்ந்தது, சீக்கிரத்திலேயே என்ற அளவுதான். ரொம்ப நேரம் கழித்து என்று சொல்ல வெரி உதவாது. ‘லாங் ஆஃப்டர்’ அல்லது ‘வெல் ஆஃப்டர்’ என்றுதான் வரவேண்டும்.

ரைட்டில் ஒரு வம்பும் உண்டு. லாரி டிரைவரிடம் போனில் ‘ரைட் அட் தி டோல்கேட்’ என்று மொட்டையாகச் சொன்னால் அவர் வலதுபக்கம் வண்டியைத் திருப்பக்கூடும். முன்னால் ஒரு வினைச்சொல் சேர்த்தால் குழப்பம் தீரும்: ‘ஸ்டாப் ரைட் அட் தி டோல்கேட்’ என்றால் டோல்கேட்டிலேயே நிறுத்து, ‘டர்ன் ரைட் அட் தி டோல்கேட்’ என்றால் வலதுபக்கம் திரும்பு. இரைச்சலில் பேசும்போது ரைட்டை விட்டுவிட்டு ‘எக்ஸாக்ட்லி அட்’ என்பதே பாதுகாப்பு.

போய்ச் சேரும் இடத்தைச் சொல்லும்போது மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். காவேரிப்பட்டணத்தில் மாங்காய் லோடு ஏற்றிய லாரியை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்ட்ரெயிட் டு தி ஃபேக்டரி’ என்றால் வழியில் எங்கும் நிற்காமல், வேறு வேலை பார்க்காமல் கூழ் ஃபேக்டரிக்கு. ‘ரைட் டு தி ஃபேக்டரி’ என்றால் ஃபேக்டரி வாசல் வரைக்குமே, ரோட்டு முக்கில் விட்டுவிடாமல். ‘ஆல் தி வே டு தி ஃபேக்டரி’ என்றால் அவ்வளவு தூரமும், இதில் தூரத்தின் அலுப்பு தெரியும். தமிழில் நேரா, வாசல் வரைக்குமே, அவ்வளவு தூரம் என்று மூன்றும் தனித்தனிச் சொல்லாக இருப்பதால் பேசும்போது நாம் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் மூன்றுக்கும் ‘டைரக்டா’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம்.

அப், டவுன், ஓவர், அவுட், பேக் ஆகிய ஐந்தும் தமிழருக்குச் சுலபம், ஏனென்றால் இங்கே இரண்டு மொழியின் வரிசையும் ஒன்றுதான். “மேல ஓசூர்ல இருக்கான்” என்பதில் முதலில் திசை, அப்புறம் இடம். ‘ஹி இஸ் அப் இன் ஓசூர்’ அதே வரிசை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகத் தாழ்வு. எனவே 44ஆம் எண் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே போகிறவருக்கு மேப்பிலும் மேலே, மேட்டிலும் மேலே, இரண்டு கணக்கிலும் அப் சரி. தருமபுரிக்குத் திரும்பும்போது ‘டவுன் டு தருமபுரி’. ‘ஓவர் இன் ஓசூர்’ என்றால் உயரக் கணக்கு போய்விடும், அந்தப் பக்கம் என்ற பொருள் மட்டும் மிஞ்சும். ‘பேக் இன் ஓசூர்’ என்றால் முன்பு இருந்த ஓசூருக்கே திரும்பி வந்துவிட்டான். தோப்புக்கு ‘அவுட் இன் தி குரோவ்’, அதாவது ஊரை விட்டு வெளியே. இந்தச் சின்னச் சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் பிழையாகாது. ஆனால் பேசுபவர் எங்கே நின்று பேசுகிறார் என்பது தெரியாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை: ‘தி பஸ் கோஸ் அப் டு ஓசூர்’ என்றால் மேலேறி ஓசூருக்குப் போகிறது என்றும் கொள்ளலாம், ஓசூர் வரைக்கும்தான் போகும் என்றும் கொள்ளலாம். எல்லையைத்தான் சொல்கிறோம் என்றால் ‘அஸ் ஃபார் அஸ் ஓசூர்’ என்பது சந்தேகம் வைக்காது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். அட்வெர்ப் உட்கார இரண்டு சீட் உண்டு: பிரிபோசிஷனுக்கு முன்னால் ஒன்று, பிரிபோசிஷனுக்கும் பெயருக்கும் நடுவில் ஒன்று. ரைட், ஸ்ட்ரெயிட், வெல் ஆகியவை முன் சீட்டை விட்டு நகராது, ‘அட் ரைட் சிக்ஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. சுமார் என்ற பொருள் தரும் அபவுட்டுக்கும் அரவுண்டுக்கும் நடு சீட்: ‘அட் அபவுட் சிக்ஸ்’, ‘இன் அபவுட் டென் மினிட்ஸ்’. முன்னால் வைத்து ‘அபவுட் இன் டென் மினிட்ஸ்’ என்றால் காதில் உறுத்தும். எக்ஸாக்ட்லி இரண்டு சீட்டிலும் உட்காரும், ‘எக்ஸாக்ட்லி அட் சிக்ஸ்’ என்றாலும் ‘அட் எக்ஸாக்ட்லி சிக்ஸ்’ என்றாலும் ஒரே பொருள்தான்.

ஜஸ்ட்டும் இரண்டு சீட்டிலும் உட்காரும், ஆனால் சீட் மாறினால் பொருளும் மாறும். ‘ஜஸ்ட் ஆஃப்டர் டூ’ என்றால் இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில். ‘ஆஃப்டர் ஜஸ்ட் டூ டேஸ்’ என்றால் இரண்டே நாளில். வாங்கிய மோட்டார் இரண்டே நாளில் புகைந்துவிட்டது என்று புகார் எழுதுகிறவர் முன் சீட்டில் வைத்து ‘ஜஸ்ட் ஆஃப்டர் டூ டேஸ்’ என்றால், இரண்டு நாள் ஆகி அப்புறம் என்று கடைக்காரர் அமைதியாகப் படித்துக்கொள்வார். இரண்டே என்பதிலுள்ள கோபம் எண்ணில்தான் இருக்கிறது, அதனால் ஜஸ்ட்டும் எண்ணை ஒட்டியே நிற்கவேண்டும்.

முன் சீட்டில் அளவும் உட்காரும்: ‘டூ டேஸ் பிஃபோர் பொங்கல்’, ‘டென் கிலோமீட்டர்ஸ் ஃபிரம் பாலக்கோடு’. நம் ஊரின் பெரிய தப்பு இங்கேதான் பிறக்கிறது. இரண்டு நாளுக்கு முன்னால் வந்தேன் என்பதை ‘பிஃபோர் டூ டேஸ் ஐ கேம்’ என்கிறோம். பிஃபோருக்குப் பின்னால் வரவேண்டியது நிகழ்ச்சி, பொங்கல் மாதிரி. அளவு அதற்கு முன்னால் வரும். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது பிஃபோரே வேண்டாம்: ‘ஐ கேம் டூ டேஸ் அகோ’. வேடிக்கை என்னவென்றால், அகோ நம் ‘முன்னால்’ மாதிரியே பெயருக்குப் பின்னால் வருகிறது. தமிழ் வரிசையில் நடக்கும் அரிதான ஆங்கிலச் சொல்லை ஒதுக்கிவிட்டுத்தான் பிஃபோரைப் பிடித்துத் தொங்குகிறோம்.

இடம், நேரம், திசை தவிர்த்த பிரிபோசிஷன்களிடம் ரைட் செல்லாது. ‘ரைட் ஃபார் மை பிரதர்’ என்றால் தம்பிக்காகவே என்ற பொருள் வராது, தம்பிக்குப் பொருத்தமானது என்று வேறு பொருள் வந்துவிடும். அங்கே ஒன்லி, ஜஸ்ட், மெயின்லி, பார்ட்லி வேலை செய்யும்: ‘ஒன்லி ஃபார் மை பிரதர்’, ‘மெயின்லி பிகாஸ் ஆஃப் தி ரெயின்’. ஒன்லி இப்படி நேரத்தையோ இடத்தையோ சேர்த்துக்கொண்டு வாக்கியத்தின் முதலிலேயே வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவும்: ‘ஒன்லி ஆன் சண்டேஸ் டஸ் தி ஷாப் ஓப்பன்’. பேச்சில் இவ்வளவு கஷ்டம் வேண்டாம், ‘தி ஷாப் ஓப்பன்ஸ் ஒன்லி ஆன் சண்டேஸ்’ போதும். ‘ஆன் சண்டே ஒன்லி’ என்று கடைசியில் வைப்பது போர்டில், நோட்டீஸில் செல்லும். “நேத்துதான் வந்தேன்” என்பதை ‘யெஸ்டர்டே ஒன்லி’ என்று சொன்னால் வெளியூர்க்காரர் வேறு நாள் வரவே இல்லை என்று நினைப்பார். அங்கே வேண்டியது ‘ஒன்லி யெஸ்டர்டே’.

எர்லி, லேட் இரண்டையும் சுருக்கமாகப் பார்க்கலாம். விடியற்காலையில் தக்காளி ஏலத்துக்குப் போகிறவர் ‘எர்லி மார்னிங் ஐ வில் கோ’ என்கிறார். பேச்சில் அது புரியும். எழுத்தில் ‘எர்லி இன் தி மார்னிங்’ என்று இன் சேர்க்கவேண்டும், அல்லது நடு சீட்டில் வைத்து ‘இன் தி எர்லி மார்னிங்’. இரவுக்கு ‘லேட் அட் நைட்’தான். அட்வெர்ப் என்றாலே வாலில் ‘லி’ வரவேண்டும் என்று நினைத்து ‘லேட்லி அட் நைட்’ என்று எழுதினால் கெட்டது, ஏனென்றால் லேட்லி என்றால் சமீபகாலமாக.