ராமநாதபுரம் கடலோரம்: பஸ்ஸா, பைக்கா?

தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி மட்டும்தான் திட்டம் என்றால் பஸ்ஸே போதும். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பக்கத்து சீட்டு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால், இன்று எந்தக் கரையில் என்ன மீன் என்பது வரை தெரிந்துவிடும். பைக்கில் அது கிடைக்காது.

ஆனால் ஏர்வாடியைத் தாண்டினால் என் ஓட்டு பைக்குக்குத்தான். வாலிநோக்கம் உப்பளம், சாயல்குடிப் பனங்காடு எல்லாம் நினைத்த இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டியவை. சீசனில் காலையிலேயே போனால் பதநீர் கிடைக்கும். பஸ் அதற்கெல்லாம் நிற்குமா என்ன?

தனுஷ்கோடிக்கும் பைக்தான். 1964 புயலில் அழிந்த ஊருக்கு வெகுகாலம் மணலில் வேன் பிடித்துத்தான் போனார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இருபுறமும் கடல், நிழல் மட்டும் கிடையாது. தண்ணீரும் பெட்ரோலும் ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் பைக் பக்கவாட்டில் தள்ளும். அந்த மாதம் மட்டும் நான் பஸ்தான்.