எஸ்டீமில் லேசான ஃப்ளைவீல்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

என் மாருதி எஸ்டீமில் (1298 சிசி, 85 பிஎச்பி) குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகில் செய்த லேசான ஃப்ளைவீல் மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. என்ஜினின் கிராங்க் தண்டின் முனையில் அதோடு சேர்ந்து சுழலும் கனமான வட்டுதான் ஃப்ளைவீல்; கிளட்ச் அதன்மேல்தான் உட்காரும். கோவை நகர ஓட்டம், வால்பாறை மலைப்பாதை, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே ரேஸ் ட்ராக் என்று எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அடிக்கடி கியரை இறக்கி ஏற்றி ஓட்டுபவர் தாராளமாக மாட்டலாம். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரிலேயே போகிறவருக்கு இது தேவையில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஃப்ளைவீலை மாற்றினால் என்ஜினின் பவர் அதிகமாகாது. ஆர்பிஎம் ஏறும்போது அந்த வட்டைச் சுழற்றவே ஒரு பங்கு சக்தி போகிறது, அதுதான் மிச்சமாகிறது. என்னுடையது கம்பெனி ஃப்ளைவீலைவிடச் சுமார் 3 கிலோ குறைவு. அந்த எடை மையத்திலிருந்து சராசரியாக 10 செ.மீ. தள்ளி இருப்பதாகவும், டயர் ஆரம் 28 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். முதல் கியரில் ஃபைனல் டிரைவும் சேர்த்து மொத்த விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 14 வந்தால், வண்டியிலிருந்து 75 கிலோ ஆள் ஒருவரை இறக்கிவிட்ட பலன். ஐந்தாவதில் விகிதம் 3 அளவுக்கு வந்துவிடும். பலன் 4 கிலோகூடத் தேறாது. விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனது இழுவை இல்லை, கியர் இறக்கும் சுகம். வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிரேக்கை அழுத்தியபடியே ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டினால் போதும், ஆர்பிஎம் உடனே மேலே வந்து நிற்கும், இரண்டாவது கியர் வெண்ணெயாக விழும். முன்சக்கரம் ஒரு நொடிகூட இழுபடாது. கரி ஸ்பீடுவேயில் வளைவுகள் நெருக்கம், மொத்தமே 2.1 கி.மீ. ட்ராக், அங்கே இந்தப் பலன் ஒவ்வொரு சுற்றிலும் தெரிகிறது. கியர் ஏற்றும்போது மட்டும் கை வேகம் வேண்டும். ஆர்பிஎம் சட்டென்று விழுந்துவிடுவதால் மெதுவாக மாற்றினால் வண்டி குலுங்கும்.

நகரத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) தடுமாறுகிறது; ஐடிலைச் சற்று ஏற்றி வைத்த பிறகு சரியாகிவிட்டது. மேடான சிக்னலில் பழையபடி கிளட்சை விட்டால் என்ஜின் அணைந்துவிடும், கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுத்தே எடுக்க வேண்டும். நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடப்பதும் முன்பைவிடக் கேட்கிறது. வீட்டில் வேறு யாராவது இந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால் இதையெல்லாம் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் இன்னும் லேசு. கிளட்ச் பிளேட் உரசும் முகம் அதில் தனி எஃகுத் தகடாக இருக்கும், தேய்ந்தால் மாற்றலாம். ட்ராக்குக்கு மட்டுமான வண்டிக்கு அது நல்லது. சாலையிலும் ஓட்டும் வண்டிக்கு, அளவாகக் குறைத்த எஃகே போதும் என்பது என் கருத்து.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பெனி ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வார்ப்பிரும்பு, இழுவிசையைத் தாங்காது. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் அழுத்தம் நான்கு மடங்காகும். என்ஜின் குறுக்கே உட்காரும் முன்சக்கர இழுவை வண்டியில் வெடித்தால், துண்டுகள் கால் இருக்கும் பக்கமே வரலாம். எஸ்எஃப்ஐ 1.1 சான்று (ரேஸ் வண்டி பாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரச் சான்று) உள்ளதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மாட்டும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தான் போகிறார்கள். அப்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிரஷர் பிளேட்டையும் சேர்த்து பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துத்தான் முடுக்க வேண்டும், கைக்கணக்கு கூடாது.