சி மேஜரா, ஜி மேஜரா?

கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் கிட்டார் வாங்கிய கையோடு கேட்பது இதைத்தான்: முதலில் எந்த ஸ்கேலில் (சுர வரிசையில்) பழகுவது? சி மேஜரில் வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) சி, டி மைனர், இ மைனர், எஃப், ஜி, ஏ மைனர். ஜி மேஜரில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, இ மைனர். ஏழாவதான டிமினிஷ்ட் கார்டை இப்போதைக்கு விடுங்கள்.

கீபோர்டு என்றால் சி தான், கறுப்புக் கட்டையே வேண்டாம். கிட்டாரில் கதை வேறு. முழு எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். அது இல்லாமல் சி மேஜரில் வாசிப்பது சிரமம். ஜி-யில் அந்தத் தொல்லை பி மைனரில் இருக்கிறது, ஆனால் அது இல்லாமலே பல பாட்டுகள் ஓடிவிடும். என் ஓட்டு ஜி-க்கு. திருவிழா மேடையில் பாடுபவர் சுருதியைக் கூட்டினால்? சரி, இரண்டாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் இரண்டாம் கட்டத்தில்) காபோ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டுங்கள். அதே விரல்களில் ஏ மேஜர் வந்துவிடும்.