மூளையில் அரசியல் தெரியுமா? 2011 ஆய்வும் 2024 ஆய்வும்

2011இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 90 இளைஞர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். தாராளவாதிகளுக்கு முன் சிங்குலேட் புறணியில் (முரண்பாடுகளைக் கவனிக்கும் மூளைப் பகுதி) சாம்பல் நிறப் பொருள், அதாவது நரம்பணுக்கள் செறிந்த திசு, கூடுதல். பழமைவாதிகளுக்கு வலது அமிக்டாலா (அச்சம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதி) பெரியது என்றது முடிவு. (நடிகர் கொலின் ஃபிர்த்தும் ஆய்வுக் கட்டுரையின் இணை ஆசிரியர்!) செய்தி உலகெங்கும் பரவியது.

2024இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே கேள்வியை 928 பேரிடம் சோதித்தார்கள். முடிவைப் பார்த்தபின் கேள்வியை மாற்றாமலிருக்க, என்ன தேடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்கள். முந்தைய ஆய்வு ஒரே கேள்வியால் அரசியல் சாய்வை அளந்தது. இவர்கள் சமூகக் கருத்தையும் பொருளாதாரக் கருத்தையும் தனித்தனியே பார்த்தார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான முன்னேற்றம். வரியைக் குறைக்கச் சொல்பவர் எல்லாரும் மரபைக் காக்க நினைப்பவர்கள் அல்லவே!

சிங்குலேட் தொடர்பு மீண்டும் கிடைக்கவில்லை. அமிக்டாலா தொடர்பு கிடைத்தது. ஆனால் வித்தியாசம் ஓர் எள் அளவுதான். அதை வைத்து யாருடைய கட்சியையும் கணிக்க முடியாது.

இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னால் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன். 90 பேரில் தற்செயலாகத் தோன்றும் தொடர்பு 928 பேரில் எளிதில் தாக்குப்பிடிக்காது. மூளை அமைப்பு கருத்தை உருவாக்குகிறதா, கருத்து மூளையை மாற்றுகிறதா என்பதற்கு மட்டும் இரண்டிலுமே விடை இல்லை.