பூட் நேர செக்டிஸ்க் முடிவு: இவென்ட் வியூவரா, பவர்ஷெல்லா, ஃபோல்டரா?

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறோம், கருப்புத் திரையில் செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓடுகிறது, சதவீதம் மெல்ல ஏறுகிறது, எழுந்து வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் லாகின் திரை நிற்கிறது. என்ன கண்டுபிடித்தது, எதைச் சரிசெய்தது, ஒன்றும் தெரியாது. முடிவு போய்விட்டது என்று நினைத்து மறுபடி முழு ஸ்கேன் போடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரிய டிரைவில் அது பல மணி நேரம், டிஸ்க் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டாவது ஸ்கேனே அதற்குக் கூடுதல் சுமை. அறிக்கையை விண்டோஸ் எழுதி வைத்துவிடுகிறது, எடுக்கத்தான் மூன்று வழி இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு, விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரே போதும். ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டித் திறந்து, இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 1001 என்ற எண்ணைத் தேடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள், தேடினால் வரிசையாக வந்து விழும், ஆனால் பெரும்பாலும் செக்டிஸ்க் இல்லை. ஏதாவது புரோகிராம் கிராஷ் ஆனால் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் போடும் பதிவுக்கும் அதே 1001தான். அதனால் எண்ணை விடுங்கள், ஃபில்டரில் சோர்ஸ் என்ற இடத்தில் வின்இனிட் (விண்டோஸ் தொடங்கும்போது ஓடும் புரோகிராம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். (பழைய எக்ஸ்பி என்றால் வின்லாகன்.) பூட் ஆன நேரத்தோடு ஒத்துப்போகும் பதிவைத் திறந்தால் முழு அறிக்கையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். கீழே உள்ள காப்பி பட்டனை அழுத்தி நோட்பேடில் ஒட்டிவிடுங்கள், நிம்மதியாகப் படிக்கலாம்.

படிக்கும்போது முதலில் எத்தனை ஸ்டேஜ் ஓடியது என்று பாருங்கள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டம்) டிரைவில் மூன்றோடு நின்றிருந்தால் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை மட்டும்தான் சோதித்திருக்கிறது. டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் படித்துப் பார்ப்பது நான்காவதும் ஐந்தாவதும்தான். ஆக மூன்று ஸ்டேஜ் அறிக்கையில் பேட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி) 0 கேபி என்று இருப்பதை நம்பி உட்கார முடியாது, அது முன்பு குறித்து வைத்த கணக்கு மட்டுமே. ஐந்தும் ஓடி 0 வந்தால்கூட ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைப்பது) விவரத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் கெட்டுப்போன செக்டாரை டிஸ்க்கே உள்ளுக்குள் மாற்று இடத்துக்குத் தள்ளிவிட்டு வெளியே ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்ளும்.

பவர்ஷெல் (கமாண்ட் தட்டி வேலை வாங்கும் விண்டோஸ் கருவி) எதற்கு என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க. கெட்-வின்இவென்ட் கமாண்டில் அப்ளிகேஷன் லாக், 1001, வின்இனிட் மூன்றையும் கொடுத்தால் எல்லாத் தேதியும் ஒரே மூச்சில் வரும். ஒரு விஷயம், அப்படியே ஓடவிட்டால் அட்டவணையாகக் காட்டி ஒவ்வொரு அறிக்கையையும் பாதியில் வெட்டிவிடும், பலர் இதைப் பார்த்துத்தான் ஒன்றுமில்லை என்று மூடிவிடுகிறார்கள். கடைசியில் ஃபார்மட்-லிஸ்ட் சேர்த்தால் முழுதும் வரும். போன மாதம் 4 கேபி என்றிருந்த பேட் செக்டார் இந்த மாதம் 64 என்றால், வேறெதையும் யோசிக்காமல் முதலில் டேட்டாவை வேறு டிரைவுக்கு எடுங்கள். இந்த ஒப்பீட்டுக்காகவே இந்தக் கமாண்டைப் பழகி வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. அப்ளிகேஷன் லாகின் இயல்பான அளவு 20 எம்பிதான், நிரம்பினால் பழையதன் மேல் புதியதை எழுதும். அப்போதுதான் மூன்றாவது வழி. விண்டோஸ் 8 முதல், சோதித்த டிரைவிலேயே சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைவான ஃபோல்டருக்குள் செக்டிஸ்க் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியைப் பெயரிலேயே தாங்கிய லாக் ஃபைல்கள். அட்மினாக இருந்தாலும் நேரே நுழைய விடாது, அனுமதியை மாற்றித்தான் போகவேண்டும், அந்த வம்பு பிடிக்காதவர்கள் முதல் வழியோடு நிற்கலாம். ஆனால் விண்டோஸ் எழவே மாட்டேன் என்கிறபோது இதுதான் கைகொடுக்கும்: ரெக்கவரி மோடில் வரும் கமாண்ட் பிராம்ட் சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடுவதால் அந்த ஃபோல்டரைப் படிக்க முடியும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், சரியான டிரைவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சோதனை பூட்டில் ஓடாமல் விண்டோஸ் திறந்திருக்கும்போதே ஓடியிருந்தால் வின்இனிட்டில் தேடிப் பயனில்லை. அதே அப்ளிகேஷன் லாகில் சோர்ஸ் செக்டிஸ்க் என்று இருக்கும். பதிவின் எண், வெறுமனே பார்த்துவிட்டுப் போனதற்கு 26212, திருத்தியதற்கு 26214.

லினக்ஸில் கதை வேறு. சிஸ்டம்டி (பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்தும் புரோகிராம்) இருக்கும் இடத்தில் ஜர்னல்சிடிஎல் கமாண்ட் மூலம் சிஸ்டம்டி-எஃப்எஸ்சிகே என்ற சர்வீஸ்களின் பதிவைக் கேட்டால் அந்த பூட்டின் முடிவு வரும், விண்டோஸைவிடச் சுருக்கமாக, பிரச்சினை இல்லையென்றால் க்ளீன் என்று ஒரே வரி. டெபியன், உபுண்டுவில் ரூட் பார்ட்டிஷன் அதற்கும் முன்பே இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சின்ன சிஸ்டம்) சோதிக்கப்படுகிறது, அந்த லாக் ரன் டைரக்டரிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் ஃபோல்டரில் கிடக்கும். ரன் முழுக்க மெமரியில் இருப்பது, ரீபூட் செய்தால் போய்விடும், ஆகவே லாகின் ஆனதும் முதல் வேலையாகக் காப்பி எடுங்கள். தவறவிட்டிருந்தால், இஎக்ஸ்டி4 (லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) டிரைவில் டியூன்2எஃப்எஸ் கமாண்ட் கடைசியாகச் சோதித்த தேதியையாவது சொல்லிவிடும்.