தெருவா, பள்ளி வாசலா: மற்றப் பெற்றோருடன் பழக எந்த இடம் ஏற்றது?

திருமணமாகிப் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்த எனக்கு, மகள் முதல் வகுப்பில் சேரும் வரை ஊரில் தோழி என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால்கூடப் பிறந்த ஊரில் இருக்கும் அம்மாவைத்தான் தொலைபேசியில் அழைப்பேன். அதன்பின் நான்கு ஆண்டுகளில், பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக்கூடிய இடங்கள் எல்லாவற்றிலும் பழகிப் பார்த்துவிட்டேன்.

எளிதில் கிடைப்பவை தெருவும் கோயிலும். மார்கழி விடியலில் கோலமிடும்போதும், ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துப் படைக்கும்போதும் பேச்சு தானாக வரும். அவசரத்துக்குப் பிள்ளையை விட்டுச் செல்லப் பக்கத்து வீட்டைப் போன்ற இடம் வேறில்லை. ஆனால் காவிரிப் படுகைக் கிராமங்களில் தெரு என்பது பல இடங்களில் சாதியின் எல்லையாகவும் இருக்கிறது. ‘நீங்க எந்தத் தெரு?’ என்ற கேள்வி முகவரிக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். தெருவில் கிடைக்கும் நட்பு எவ்வளவு இனிதானாலும், நம்மை ஏற்கெனவே இருந்த வட்டத்துக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது.

பள்ளி வாசலில் அந்த எல்லை சற்றுத் தளர்கிறது. மாலை நான்கு மணிக்குப் புங்கமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும் தாத்தாவும், நடவு முடித்துச் சேறு காயாத காலோடு வரும் தாயும், கடையைப் பாதி அடைத்துவிட்டு ஓடிவரும் தந்தையும் ஒரே மணியோசைக்காகக் காத்திருக்கிறார்கள். முதல் மாதம் ‘பாப்பா எந்த வகுப்பு?’ என்பதற்கு மேல் எனக்கும் பேச்சு எழவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் பேருந்து தாமதமாகி நான் முக்கால் மணி நேரம் கழித்துச் சென்றபோது, வேறு தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா உரச் சாக்கை, மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியாக மடித்து, தம் மகனுக்கும் என் மகளுக்கும் சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் தோளெல்லாம் நனைந்திருந்தது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை நீடிக்கிறது.

இதற்கும் குறை உண்டு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டியே பள்ளியும் திறப்பதால், குறுவை நெல் நடவுக்குப் போகும் தாய்மார்களை அப்பருவத்தில் வாசலில் காண்பது அரிது. தனியார் பள்ளி வேன் வீட்டெதிரிலேயே பிள்ளையை இறக்கிவிடுவதால், அந்தப் பெற்றோருக்கு வாசல் என்பதே இல்லாமல் போகிறது. அவர்கள் வாரம் ஒரு நாளாவது நேரில் சென்று அழைத்துவருவது நல்லது.

வகுப்பு வாட்ஸ்அப் குழு, மழை விடுமுறையையும் வீட்டுப் பாடத்தையும் அறிய உதவும், நட்புக்கு உதவாது. நல்ல கைபேசி இல்லாதவர் அதில் இருப்பதே இல்லை.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு வேறு வகை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிவறைத் தண்ணீருக்காக ஒன்றாக மனு எழுதி, ஒன்றாக அலைந்தவர்கள் எளிதில் பிரிவதில்லை. எனினும் முன்பே பழகியவர் ஒருவர் அருகில் இல்லாவிட்டால், புதிதாக வந்த பெண் அங்கே வாய் திறப்பது கடினம். முதல் கூட்டத்தில் நான் கையெழுத்திட்டதோடு சரி. அந்த அக்காவும் உறுப்பினரான பிறகுதான் பேசினேன். ஆகவே வாசலை முதலிலும் குழுவை அதற்குப் பின்னும் வைப்பேன்.

வாசலில் பிறந்த நட்பு வீட்டுக்குள் வருவதற்குத்தான் நாள் பிடிக்கிறது. அந்த அக்கா முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மகன் உள்ளே ஓடிவிட, அவர் மட்டும் திண்ணையோரமே நின்றுவிட்டார். என் மாமியார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “புள்ள உள்ளதானே இருக்கு, நீயும் வாம்மா” என்றார்.